உபதேசியார் அசெலெமோவும் வெள்ளிக்கிழமைப் பன்றியும்

அசெலெமோவுக்குக் கப்பலில் ஏறினால் குமட்டும். இந்த ஒரு குறை மட்டும் இல்லாதிருந்தால் எங்கள் நுக்குநோனுத் தீவுக்கு இன்னொரு சாமியார் கிடைத்திருப்பார், கொலேத்தாவுக்கு வேறு புருஷன் வாய்த்திருப்பான், ஒரு பன்றியும் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருக்கும்.

சின்ன வயதிலேயே அவருக்குச் சாமியாராக வேண்டும் என்ற ஆசை. மற்றப் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக ஓடும்போது, இவர் கோழிகளைப் பிடித்து இளநீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் வளர்ந்ததும் சமோவாவிலுள்ள குருமடத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் தீவுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் வெளிக்கடலில் ஆடிக்கொண்டு நிற்கும், நாம்தான் சிறு படகில் போய் ஏற வேண்டும். அந்தச் சிறு படகிலேயே அசெலெமோ ஆரம்பித்துவிட்டார். சமோவாத் துறைமுகமான ஆப்பியா போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. விடுமுறைக்கு வந்தபோதும் அதே கதை, திரும்பிப் போனபோதும் அதே கதை. கடைசியில் ஒரு மாலுமி, "தம்பி, நீ சாமியாரானா முதல் பூசையை இந்தத் தளத்தைக் கழுவுறவனுக்காக ஒப்புக்கொடுப்பா" என்று கும்பிட்டே கேட்டுக்கொண்டான்.

குருமடத்து அதிபர் நல்ல மனுஷர். எலும்பும் தோலுமாகக் கரையேறி வந்தவனைப் பார்த்து, "கடவுள் உன்னைக் கூப்பிடுறார்ங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கடல் வழியாக் கூப்பிடல" என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பயணம்தான் அசெலெமோவின் கடைசிக் கப்பல் பயணம். அதற்கப்புறம் கப்பல் தூரத்தில் தெரிந்தாலே வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

சாமியாராக முடியாதவர் உபதேசியார் ஆனார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாமி இல்லாத நாளில் செபம் நடத்துவது, கோயில் வாசலில் தொங்கும் பழைய கேஸ் சிலிண்டரை இரும்புக் கம்பியால் அடித்து ஊரைக் கூட்டுவது, எல்லாம் அவர்தான். தடித்த உடம்பு, தடித்த குரல். குருமடத்தில் படித்த லத்தீனில் பாதி கடலோடு போய்விட்டது. மீதியை எந்த இடத்தில் வேண்டுமானாலும் பயன்படுத்துவார். கொலேத்தாவைக் கல்யாணம் செய்துகொண்டதும் அந்தச் சமயத்தில்தான். அவளுக்கு லத்தீன் தெரியாது. பன்றி வளர்க்கத் தெரியும், வாயடிக்கத் தெரியும். இரண்டிலும் அவளை மிஞ்ச எங்கள் தீவில் ஆள் இல்லை.

வெகுகாலம் நாங்கள் சமோவா ஆயருக்குக் கீழேதான் இருந்தோம். பிறகு ரோமாபுரியில் யாருக்கோ என்ன தோன்றியதோ, எங்கள் மூன்று தீவுகளையும் தனியாக வெட்டியெடுத்துத் 'தன்னுரிமை மறைத்தளம்' என்று பெயர் வைத்தார்கள். மறைமாவட்டம் இல்லை, ஆயர் இல்லை. ஒரு சாமியார்தான் தலைவர். எங்கள் சிலிவானோ சாமி அப்படித் தலைவரானார். அவரே தலைவர், அவரே செயலாளர், கூரைத் தகரம் பறந்தால் ஏணி வைத்து ஏறுகிறவரும் அவரே. நுக்குநோனுவில் நாங்கள் எல்லோரும் கத்தோலிக்கர்கள். ஃபகாவோஃபோவில் பாதிப் பேர். வடக்கே அடாஃபுவில் அநேகமாக எல்லோரும் சீர்திருத்தச் சபைக்காரர்கள். அடாஃபுவும் எங்கள் மறைத்தளத்துக்குள்தான் இருந்தது, ஆனால் அடாஃபுக்காரர்களுக்கு அது தெரியாது.

அறிவிப்பு வாசிக்கப்பட்ட அன்று அசெலெமோ தரையில் நடக்கவில்லை.

"கொலேத்தா, உனக்குப் புரியுதா? பாப்பரசர், அடுத்தாப்ல நம்ம சாமி. நடுவுல ஆயர் கிடையாது, பேராயர் கிடையாது, ஒருத்தரும் கிடையாது!"

"நடுவுல கடல் இருக்கு" என்றாள் கொலேத்தா, பன்றிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டே.

இது நடந்து கொஞ்ச வருஷத்தில், ஒரு தவக்காலத்துத் தொடக்கத்தில், சிலிவானோ சாமிக்குக் கடைவாய்ப் பல் வீங்கிக்கொண்டது. சாம்பல் புதனன்று சாம்பல் பூசும்போது "மனிதா, நீ மண்ணாயிருக்கிறாய்" என்று சொல்ல வேண்டியதை "ம்ம்ம், ம்ம்ம்" என்று சொல்லிப் பூசினார். ஊர்ப் பெண்கள் கிராம்பு வைத்துப் பார்த்தார்கள், சூட்டுக்கல் வைத்துப் பார்த்தார்கள். வீக்கம் கண்ணுக்குக் கீழே வந்துவிட்டது. ஆப்பியாவுக்குத்தான் போக வேண்டும். கப்பலுக்குப் போகும் படகில் ஏறும்போது சாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அசெலெமோ, நான் வர்ற வரைக்கும் எல்லாத்தையும் பாத்துக்கோ" என்றார்.

அவர் சொன்னது மணியையும் மெழுகுவர்த்தியையும். அசெலெமோ கேட்டது வேறு.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார். "பாப்பரசர், அடுத்தாப்ல சாமி. சாமி இல்லேன்னா, பாப்பரசர், அடுத்தாப்ல..." என்று விரலை மடக்கி, கடைசி விரலைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அந்த அடுத்தாப்ல ஆளு போயி தண்ணித் தொட்டிய மூடிட்டு வரட்டும். கொசு விழுது" என்றாள் கொலேத்தா.

முதல் ஞாயிறே சட்டங்கள் பிறந்தன. கோயிலுக்குள் நாய் வரக் கூடாது. பாட்டுக்குழுப் பெண்கள் உபதேசியாரின் குரலை அமுக்கிப் பாடக் கூடாது. நாய்கள் சட்டத்தை மதிக்கவில்லை. பெண்கள் மதித்தார்கள். வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பத்துப் பாட்டையும் அசெலெமோ தனியாகப் பாடினார். திங்கட்கிழமை அவருக்குப் பேச்சே வரவில்லை, ஊர் நிம்மதியாக இருந்தது.

குரல் திரும்பிவந்த கையோடு தென்னை நண்டுப் பிரச்சினை வந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குச் சுத்தபோசனம், மாமிசம் தொடக் கூடாது. மீன் தின்னலாம், நண்டு தின்னலாம். இதில் யாருக்கும் எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை, தென்னை நண்டும் நண்டுதானே என்று தின்றுவந்தோம். அசெலெமோவுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. சாமியின் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி யோசித்து, தீர்ப்புச் சொன்னார்:

"ஒரு பிராணி எங்க இரை எடுக்குதோ, அந்த இடத்துப் பிராணி அது. கடல்ல இரை எடுத்தா மீன். தரையில இரை எடுத்தா மாமிசம். தென்னை நண்டு மரத்துல ஏறித் தேங்காய் தின்னுது. ஆகவே அது மாமிசம். இனிமே வெள்ளிக்கிழமை ஆகாது."

ஊரே முணுமுணுத்தது. கொலேத்தா வீட்டிலேயே வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு தென்னை நண்டைக் கட்டிப் போட்டிருந்தாள். அதை அவிழ்த்துவிட்டாள். அது நேரே போய் அசெலெமோவின் செருப்புக்குள் ஏறிக்கொண்டது.

அப்படியே விட்டிருந்தால் தவக்காலம் எப்படியோ கழிந்திருக்கும். ஆனால் அடாஃபுவின் கிரிக்கெட் கூட்டம் புறப்பட்டுவிட்டது என்று ரேடியோவில் செய்தி வந்தது. கிரிக்கெட் கூட்டம் என்றால் பதினொரு பேர் இல்லை. எங்கள் பக்கத்தில் ஊரே ஆடும், ஊரே வரும். வருகிற அன்றைக்கே விருந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலத்துக்கும் பேச்சு. கப்பல் வெள்ளிக்கிழமை வருகிறது. அதிலும் பெரிய சங்கடம், மேல்காற்று ஒரு வாரமாக விடாமல் அடித்ததில் படகுகள் வெளிக்கடலுக்குப் போகவில்லை. விருந்துக்குப் போதுமான மீன் ஊரில் இல்லை. பன்றி இருந்தது. விருந்தாளிகளுக்குச் சுத்தபோசனம் கிடையாது, அவர்கள் தின்னலாம். ஆனால் விருந்தாளி பன்றிக்கறி தின்ன, விருந்து வைத்தவன் சீமைப்பலாவைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பதா? எங்கள் வழக்கத்தில் அது விருந்தாளியை அடிப்பதற்குச் சமம்.

வியாழக்கிழமை மாலை வித்தோலியோ நாலைந்து பேரோடு உபதேசியாரைத் தேடி வந்தான். வித்தோலியோ எங்கள் இளவட்டங்களுக்குத் தலைவன், நல்ல மீன்பிடிகாரன். ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பின்னால் வலை விரித்திருப்பான்.

"மாமா, ஒரு சந்தேகம். தென்னை நண்டு ஏன் மாமிசம்?"

அசெலெமோவுக்குப் பிடித்த கேள்வி. நாற்காலியில் நிமிர்ந்தார். "எத்தனை தடவடா சொல்றது? அது தரையில இரை எடுக்குது."

"அப்பக் கடல்ல இரை எடுக்கிறதெல்லாம் மீனு."

"எல்லாம் மீனு."

"கால் இருந்தாலும்?"

"கடல் நண்டுக்குக் கால் இல்லையா?"

"உடம்புல மயிர் இருந்தாலும்?"

"சட்டம்னா சட்டம்தான்."

"வால் சுருண்டிருந்தாலும்?"

எங்கள் பன்றிகளில் சில, கடல் வற்றும் நேரத்தில் பவளப் பாருக்கு நீந்திப் போய்ச் சிப்பியும் கடலட்டையும் தோண்டித் தின்னும். கல்லையே கடித்து நொறுக்கும். இது தெரியாதவன் எங்கள் தீவில் இல்லை.

"டேய், பன்னி எப்படிடா மீனாகும்?"

"நாங்க ஆக்கல மாமா. நீங்கதான் ஆக்குனீங்க."

"சாமி வரட்டும், கேப்போம்."

"சாமி எதுக்கு?" வித்தோலியோ குரலைத் தணித்தான். "மேல ரோமாபுரி, கீழ நீங்க. நடுவுல யாரு இருக்கா?"

அந்த வார்த்தை போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. அசெலெமோ எழுந்து நின்றார். கடலில் இரை எடுக்கும் பன்றி கடலைச் சேர்ந்தது என்றும், நாளை ஒரு நாள் அதைத் தின்னத் தடையில்லை என்றும் சொல்லி, கையை உயர்த்தி லத்தீனில் ஏதோ முழங்கினார். அது சாப்பாட்டுக்குப் பிந்திய செபத்தின் நடுப்பகுதி. இளவட்டங்கள் பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

யாருடைய பன்றி என்று அவர் கேட்கவில்லை. ஊர்த் தலைவர் பனப்பாவின் பன்றிகள் கரையோரமாகத்தான் திரியும், அதில் ஒன்று என்று நினைத்துக்கொண்டார். ஆனால் பனப்பா தன் பன்றிகளைத் தென்னங்கட்டை வேலிக்குள் அடைத்து வைத்திருந்தார். பாருக்கு நீந்திப் போய் மேய்கிற பன்றி அந்த வருஷம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது கொலேத்தாவின் கப்பேனே.

கப்பேனே என்றால் எங்கள் பேச்சில் கப்பல் தலைவன். அந்தப் பெயருக்கு ஏற்ற உடம்பு. ஈஸ்டர் விருந்துக்கு ஊரிலேயே பெரிய பன்றியைக் கொண்டுவருகிறவளுக்குத்தான் வருஷம் பூராவும் மரியாதை, அந்த மரியாதை பல வருஷமாகப் பனப்பாவின் மனைவியிடமே இருந்தது. அதைப் பிடுங்கவே கொலேத்தா கப்பேனேயை வளர்த்தாள். "கடல்ல மேயுறதுதான் அதுக்கு அந்தத் தொடை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறியதும் வித்தோலியோவின் ஆட்கள் தீவுக்கு நடுவிலிருக்கும் உள்கடலில் இரண்டு படகோடு இறங்கினார்கள். கப்பேனே பாரின் மேல் மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுக் கடலட்டை தேடிக்கொண்டிருந்தது. வலையை வளைத்துப் போட்டார்கள். கப்பேனே தலையைத் தூக்கிப் பார்த்தது, வலையைப் பார்த்தது, ஆழத்தில் இறங்கி நீந்த ஆரம்பித்தது. வலைக் கயிறு படகில் கட்டியிருந்தது. படகும் பின்னாலேயே போனது. படகில் இருந்தவர்கள் "நிறுத்து, நிறுத்து" என்று துடுப்பு போட, பன்றி அவர்களை இழுத்துக்கொண்டு கோயிலைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பெண்கள் துணி துவைக்கும் இடத்துக்கு எதிரில் ஒரு சுற்றுச் சுற்றியது. கரையில் நின்ற சனம் கைதட்டியது. கடைசியில் களைத்துப்போய்த் தானாகவே கரையேறி நின்றது, அதற்குப் பின்னால் வித்தோலியோ நாலு காலில் தவழ்ந்து ஏறினான். பார்த்தவர்களுக்கு யார் யாரைப் பிடித்தது என்று தெரியவில்லை.

ஈர வலையோடு கப்பேனேயை மீன் பங்கு போடும் திடலுக்குக் கொண்டுபோனார்கள். கடலில் கூட்டாகப் பிடித்தது ஊருக்குச் சொந்தம், தலைக்கு இவ்வளவு என்று பங்கு. அதற்கு இனாத்தி என்று பெயர். பாப்பரசரின் சட்டத்துக்கும் முந்திய சட்டம் அது. சங்கு ஊதினார்கள். எல்லோரும் ஓலைக்கூடையோடு வந்தார்கள். கொலேத்தாவும் கூடையோடுதான் வந்தாள்.

வலைக்குள் கிடந்ததைப் பார்த்தாள். கூடை கீழே விழுந்தது.

"அது என்னோட பன்னி!"

பனப்பா தொண்டையைச் செருமினார். அவர் நிதானமானவர், ஆனால் அன்று அவர் முகத்துக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. "கடல்ல வலையில விழுந்தது ஊருக்குச் சொந்தம், கொலேத்தா. உங்க அப்பா காலத்துச் சட்டம்."

"வீட்டுல வளந்த பன்னி வீட்டுக்குச் சொந்தம். அதுவும் எங்க அப்பா காலத்துச் சட்டம்தான்."

"பன்னியா இருந்தா சரிதான்" என்றார் பனப்பா. "மீனா இருந்தா?"

"எந்தக் கூறுகெட்டவன் இதை மீன்னு சொன்னான்?"

எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, கூட்டத்தின் பின்னாலிருந்து மெதுவாக நழுவிக்கொண்டிருந்த அசெலெமோ நின்றார்.

அந்த நேரம் பார்த்து அடாஃபுக்காரர்களைக் கப்பலிலிருந்து ஏற்றிவந்த படகுகளும் கரை சேர்ந்துவிட்டன. ஆணும் பெண்ணுமாக விருந்தாளிகள் இறங்கி, மாலை போட்ட கழுத்தோடும் பசித்த வயிற்றோடும் திடலைப் பார்த்து நின்றார்கள்.

"உபதேசியாரே" என்றாள் கொலேத்தா. வீட்டில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டால் விவகாரம் முற்றிவிட்டது என்று அர்த்தம். "இங்க வந்து சொல்லுங்க. இது பன்னியா, மீனா?"

அசெலெமோ பன்றியைப் பார்த்தார், அது அவரை அடையாளம் கண்டு உறுமியது. மனைவியைப் பார்த்தார். விருந்தாளிகளைப் பார்த்தார். பன்றி என்றால் கொலேத்தாவுக்குக் கப்பேனே திரும்பக் கிடைக்கும், ஊர் விருந்தாளிகள் முன்னால் வெறுங்கையோடு நிற்கும், தன் தீர்ப்பு ஒரு நாளில் செத்துப்போகும். மீன் என்றால்? அதை நினைக்கவே அவருக்குக் கப்பலில் நிற்பது போல இருந்தது. ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரே.

"மீன்" என்றார். பாதிக் குரல்தான் வந்தது.

கொலேத்தா கத்தவில்லை. கத்துவாள் என்றுதான் எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். அவள் குனிந்து கூடையை எடுத்துத் தூசி தட்டினாள்.

"சரி. மீன். அப்ப என்ன வேடிக்கை பாக்குறீங்க? மீன்னா செதில் எடுக்கணும்ல? எடுங்க. வித்தோலியோ, உக்காருடா. நான் பாக்குறேன்."

அறுப்பு முடிந்ததும் வித்தோலியோ உட்கார்ந்தான். பன்றியின் மயிரைச் சிப்பியால் சுரண்டுவது எங்கள் வழக்கம்தான், அதை அன்று செதில் எடுப்பது என்று சொல்லிச் சுரண்ட வேண்டியிருந்தது. கொலேத்தா தலைமாட்டில் நின்று, "இந்தப் பக்கம் செதில் விட்டுப்போச்சு. செவுள் எங்க, செவுளக் காட்டு. நல்லாத் தேடு, மீனுக்குச் செவுள் இல்லாம இருக்குமா?" என்று விரட்டினாள். அவன் வியர்த்துப்போய்க் காதைத் தூக்கிக் காட்டினான்.

"இதுவா? சரி, சரி" என்றாள்.

குழி அடுப்பில் வெந்ததும் பங்கு நடந்தது. நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் பங்கு, விருந்தாளிகளுக்கும் பங்கு. அசெலெமோ வீட்டுக்கு வந்தது ஒரு காதும் கொஞ்சம் கொழுப்பும். விருந்தில் அடாஃபுக் கூட்டத்தின் தலைவர் ஒரு விலாவைக் கடித்துக்கொண்டு, "அருமையான மீனு. என்ன மீனு இது?" என்று கேட்டார்.

"பாரு மீனு" என்றான் வித்தோலியோ.

"எங்க ஊர்லயும் இருக்கு. நாங்க கயித்துல கட்டி வளக்குறோம்."

நுக்குநோனுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்கள். நன்றாகவே தின்றார்கள்.

அசெலெமோ வீட்டுக்குப் போனபோது அவருடைய தாழம்பாய் வாசலில் கிடந்தது.

"என்ன இது, கொலேத்தா?"

"கடல்ல இரை எடுக்கிறது மீன்னு சொன்னீங்கள்ல? உங்களுக்குச் சாப்பாடு எங்கேருந்து வருது?"

"...கடல்லேருந்து."

"அப்ப மீனுக்கு வீட்டுக்குள்ள என்ன சோலி?"

அன்றிலிருந்து அவர் படகுக் கொட்டகையில் படுத்தார். சாப்பாடு வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் கொண்டுவந்து கொடுக்கவில்லை, தண்ணீர் ஓரத்தில் வைத்துவிட்டு, "வந்து கொத்திட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊரும் அவரை விடவில்லை. தினமும் யாராவது ஒரு சட்டச் சந்தேகத்தோடு வந்தார்கள். என் சேவல் அலைவாயில் புழு பொறுக்குது, அதுக்கு எந்தப் பக்கம் மீனு? என் நாய் ஆழம் குறைஞ்ச இடத்துல மீன் பிடிக்குது, அது கோயிலுக்கு வரலாமா? ஒரு கிழவர் வந்து, தன் மருமகன் நாள் பூராக் கடலிலேயே கிடக்கிறானே, அவனையும் ஊருக்குப் பங்கு போட்டுவிடலாமா என்று கேட்டார். அசெலெமோ வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாய்கள் வரிசையாகக் கோயிலுக்குள் வந்து படுத்தன. பாட்டுக்குழு அவரை அமுக்கிப் பாடியது.

அடாஃபுக்காரர்களைத் திரும்ப ஏற்றிப்போக வந்த கப்பலில்தான் சிலிவானோ சாமி வந்தார். ஒரு பல் பிடுங்கப் போனவர் மூன்று பல் இழந்து வந்திருந்தார். வீக்கம் வடிந்து, பேச்சில் காற்று சேர்ந்திருந்தது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தார். வழக்கமாக இரண்டு மூன்று வயசாளிகள் வருவார்கள். அன்று கோயில் வாசலிலிருந்து கிரிக்கெட் திடல்வரை வரிசை நின்றது. தான் இல்லாத நேரத்தில் ஊருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று சாமி கண்கலங்கிப் போனார்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே வரக் கூடாதுதான். ஆனால் எங்கள் கோயிலில் தடுப்பென்று இருந்தது ஒற்றைத் தாழம்பாய். அதோடு, எல்லோரும் சொன்னது ஒரே பாவம்.

"சாமி, தவக்காலத்து வெள்ளிக்கிழமை மீன் சாப்பிட்டேன்."

"அது பாவமில்லயேம்மா."

"விலா எலும்போட, சாமி."

அடுத்தவள் வந்தாள். "நானும் மீனுதான் சாமி. தொடைப் பக்கம்."

அதற்கடுத்தவன், "எனக்கு ஈரல் வந்துச்சு சாமி. மீனோட ஈரல் அவ்வளவு பெருசா இருக்கலாமா?" என்றான்.

பாய் விலகியது. கழுத்தில் பட்டையோடு சாமி வெளியே வந்து நின்றார்.

"அஃஃஸெலெமோ!"

வரிசையே திரும்பியது. கடைசியில் நின்றிருந்த அசெலெமோ முன்னால் வந்தார். சாமி அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கதையை முழுக்கக் கேட்டார். நடுவில் இரண்டு முறை எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார். தோள் குலுங்கியது. கோபத்தால் என்று அசெலெமோ நினைத்துக்கொண்டார்.

"ஏய்யா, உன்கிட்ட நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"எல்லாத்தையும் பாத்துக்கன்னீங்க, சாமி."

"மணியப் பாத்துக்க, மெழுகுதிரியப் பாத்துக்கன்னேன். பன்னியையா பாத்துக்கச் சொன்னேன்? நான் ஒரு பல்லப் புடுங்கிட்டு வர்றதுக்குள்ள நீ படைப்பையே மாத்தி வச்சிருக்கியே! ஆண்டவர் அஞ்சாம் நாள் மீனப் படைச்சார், ஆறாம் நாள் மிருகத்தைப் படைச்சார். உனக்கு அந்த ஒரு நாள் வித்தியாசம் கூடத் தெரியலயா?"

"தெரியும் சாமி. ஆனா நடுவுல யாரும் இல்லயேன்னு..."

"நடுவுல புத்தி இருக்கணும்" என்றார் சாமி.

மறுநாள் பூசையில் சாமி சொன்னது சின்னப் பிரசங்கம். விருந்தாளி வந்து நிற்கிறபோது வீட்டில் இருப்பதைப் போட்டுத் தானும் கூட உட்கார்ந்து தின்றதை ஆண்டவர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார், அதைத் தானே ரோமாபுரிக்குச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். "தின்னது போகட்டும். பன்னின்னு நல்லாத் தெரிஞ்சும் மீன் மீன்னு சொல்லி அடுத்தவ பொருளைத் தின்னீங்களே, அதுக்குத்தான் பரிகாரம். கொலேத்தா, நீயே சொல்லு. என்ன வேணும் உனக்கு?"

கொலேத்தா எழுந்து நின்றாள். யோசிக்கவே இல்லை. "அன்னைக்குத் தின்ன வீடெல்லாம் வீட்டுக்கு ஒரு குட்டி. பனப்பா வீட்டுலேருந்து ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?" என்று பனப்பா கத்தினார்.

"நீங்க சிரிச்சீங்கள்ல."

ஊரில் அன்று தின்னாத வீடே இல்லை. அந்த வாரம் பூராவும் அசெலெமோ வீட்டை நோக்கிப் பன்றிக்குட்டிகள் வந்துகொண்டே இருந்தன. கறுப்பு, வெள்ளை, புள்ளி, ஒரு குட்டிக்கு வாலே இல்லை. அவற்றுக்கு வேலி கட்டுவதும் தேங்காய் உடைத்துப் போடுவதும் அசெலெமோவுக்குச் சாமி கொடுத்த பரிகாரம். எவ்வளவு நாளைக்கு என்று சாமி சொல்லவில்லை, கேட்க அசெலெமோவுக்குத் தைரியம் இல்லை. முதல் குட்டி வேலி தாண்டிய அன்று, அதைப் பிடித்துவர இரண்டு ஆள் வேண்டியிருந்தது. கொலேத்தா கொட்டகைப் பக்கம் வந்து, "மீனே, எழுந்து வாங்க" என்றாள். அன்றைக்கே பாயும் வீட்டுக்குள் போய்விட்டது.

அந்த ஈஸ்டருக்குப் பெரிய பன்றி பனப்பாவின் மனைவியுடையதுதான். அடுத்த ஈஸ்டருக்கும் அதற்கடுத்த ஈஸ்டருக்கும் கொலேத்தாவுடையது. வேலி கட்டிக் கட்டி அசெலெமோவுக்குக் கையில் நல்ல பலம் வந்திருந்தது. பன்றிகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லையே தவிர ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார், கூப்பிட்டால் வந்தன. எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லுவதை விட்டுவிட்டார். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால்கூட, "சாமியக் கேளு" என்பார்.

ஆனால் அடாஃபுக்காரர்கள் லேசில் விடுகிறவர்களா? அந்த விருந்தைப் பற்றி ஆட்டத்தோடு ஒரு பாட்டுக் கட்டிவிட்டார்கள். கடலிலே ஒரு மீன், அதற்கு நாலு கால், அது உறுமும், அதைப் பிடிக்கப் போன ஆளை அது இழுத்துக்கொண்டு போகும் என்று மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏறி ஏறிப் மரப்பெட்டிப் பறை அதிர முடியும். எப்போது வந்தாலும் அதைத்தான் பாடினார்கள். முதல் தடவை அசெலெமோ எழுந்துபோய் வேலிக்குள் பன்றிகளோடு உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் தடவை ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கேட்டார். அதற்கடுத்த வருஷம் பாட்டு வேகம் எடுத்ததும், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் செவுள்போல விரித்து, பின்பக்கத்தை ஆட்டி ஆடினார். தாளம் ஒரு இடத்தில்கூடச் சேரவில்லை. அடாஃபுக்காரர்கள் பாட முடியாமல் சிரித்து விழுந்தார்கள். சிலிவானோ சாமி இருந்த பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார்.

கொலேத்தா பறைக்காரனைத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, காலத் தூக்கி ஆடுங்க! நாலு கால் மீனு இப்படியா ஆடும்?" என்று கத்திக்கொண்டே அடிக்க ஆரம்பித்தாள். அவர் காலைத் தூக்கினார்.